சேட்டிலைட் ரேடியோ: வாங்கும்போதும் கேட்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேட்டிலைட்டிலிருந்து நேராக ரேடியோ ஒலிபரப்பிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் பழைய செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள். அதன் ஷ்ருதி சேனலில் கச்சேரியும் கேஎல் ரேடியோ சேனலில் தமிழ்ப் பாட்டும் கேட்டவர்களுக்கு ஆசை விடாதுதான். ஆனால் 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் அந்தச் சேவை முடிந்தது. செட்டில் விளக்கு எரியும், பாட்டு வராது.

அது ஓடிக்கொண்டிருந்த நாளிலும் பலர் ஆன்டெனாவில்தான் கோட்டை விட்டார்கள். வேர்ல்ட்ஸ்பேஸின் ஏஷியாஸ்டார் சேட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 105 டிகிரியில் நின்றது. சென்னையிலிருந்து பார்த்தால் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, அடிவானத்திலிருந்து 57 டிகிரி மேலே. ஜன்னல் மேற்கே இருந்தால் அவ்வளவுதான். டிஷ் டிவிக்காரர் வைத்த கோணமும் இதற்கு உதவாது. சேட்டிலைட்டுக்குச் சேட்டிலைட் திசை மாறும்.

இன்னொரு தவறு, எல்லாமே வானத்திலிருந்துதான் வருகிறது என்று நினைப்பது. அமெரிக்காவில் 2001-இல் எக்ஸ்எம், அடுத்த ஆண்டு சிரியஸ் என இரண்டு சேட்டிலைட் ரேடியோ நிறுவனங்கள் சேவை தொடங்கியபோது, கேட்பவர் காரில் இருந்தார். பாலத்துக்கு அடியில் போனால் சிக்னல் போய்விடும். அதனால் எக்ஸ்எம் ஒரே நிகழ்ச்சியை இரண்டு சேட்டிலைட்டுகளிலிருந்தும் அனுப்பியது, ஒன்றில் சுமார் 4 விநாடி தாமதமாக. முந்தி வருவதை ரிசீவர் சேமித்து வைத்து, ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தை எடுத்து ஒட்டிவிடும். காதுக்கு எதுவும் தெரியாது. உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய நகரங்களுக்கு இதுவும் போதாமல், தரையிலேயே ரிப்பீட்டர்களை, அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிகளை, நட்டார்கள். சிரியஸ் வேறு வழி பிடித்தது: நீள்வட்டப் பாதையில் மூன்று சேட்டிலைட்டுகள். அவை வட அமெரிக்காவுக்கு மேலே உச்சத்தில் நெடுநேரம் தங்கியதால் கட்டடங்கள் அவ்வளவாக மறைக்கவில்லை. என்னைக் கேட்டால், சேட்டிலைட் ரேடியோவின் சாமர்த்தியம் ராக்கெட்டில் இல்லை, இந்த 4 விநாடியில்தான் இருக்கிறது. (அந்தத் தாமதத்தால் இதில் மணி சொல்லக் கேட்டு கடிகாரம் திருத்தாதீர்கள்.)

அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பழைய காரில் சிரியஸ்எக்ஸ்எம் (அந்த இரண்டும் பின்னால் இணைந்த நிறுவனம்) பட்டனைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண். அந்தச் சிக்னல் வட அமெரிக்காவைத் தாண்டி வராது. அவர்களுடைய போன் ஆப்பில் கேட்பது இன்டர்நெட் வழி. அதற்குச் சேட்டிலைட் தேவையில்லை, டேட்டாதான் கரையும்.

கடைசியாகப் பணம். பெரிய நிறுவனம், சேட்டிலைட்டே சொந்தமாக வைத்திருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நீண்ட காலச் சந்தாவை மொத்தமாகக் கட்டுகிறார்கள். சேட்டிலைட் வைத்திருப்பதே பெருஞ்செலவு. சந்தாதாரர் சேருமுன்பே அத்தனை முதலீட்டையும் கொட்டியாக வேண்டும். சிரியஸும் எக்ஸ்எம்மும் தனித்தனியே தாக்குப்பிடிக்க முடியாமல் 2008-இல் ஒன்றாயின. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் ஆப்பிரிக்காவை மனதில் வைத்துத் தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ், அதே 2008 அக்டோபரில் திவால் மனு போட்டது. ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரம் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. மாதச் சந்தா சற்று அதிகமானாலும் மாதாமாதமே கட்டுங்கள்.