தேய்ந்த கல்லெழுத்தைப் படம் பிடிப்பது எப்படி

இடிபாடுகளில் 'எழுத்தே தெரியவில்லை' என்று திரும்புகிறவர்கள் பலரும் தவறான நேரத்தில் போனவர்கள். வெளிச்சம் கல்லின் முகத்தில் நேராக விழுந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். தரையில் கிடக்கும் பலகைக்கல்லுக்குக் காலை, மாலைச் சாய்வெயில். நிற்கும் சுவருக்கு அந்தக் கணக்கு செல்லாது. வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், சில சுவர்களுக்கு அது நண்பகலே.

காத்திருக்க முடியாதென்றால் குடையால் நிழல் கட்டி, டார்ச்சைக் கல்லிலிருந்து 10–15 டிகிரி சாய்வில் பிடியுங்கள். கேமரா முக்காலியில், கல்லுக்கு நேர் எதிரே அசையாமல் இருக்கட்டும். ஓரத்தில் 10 செ.மீ. அளவுகோல். டார்ச்சை மட்டும் சுற்றிக் கொண்டுபோய் 8 திசைகளிலிருந்து 8 படம். ஒன்று போதாது: கிடைக்கோட்டுக்குப் பக்கவாட்டு ஒளி அடித்தால் நிழலே விழாது, அந்தக் கோடு காணாமல் போகும். கீழிருந்து அடித்த படத்தில் குழிந்த எழுத்து புடைத்ததுபோல் ஏமாற்றும்.

சாக்பீஸ் கூடவே கூடாது. தூள் நுண்குழிகளில் அடைந்துகொள்ளும்; அதைவிட மோசம், நீங்கள் ஊகித்து வரைந்ததையே அடுத்தவர் எழுத்தென்று படிப்பார். பாசியைச் சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வரும்.

படத்தைப் பார்த்து எழுத்துகளைத் தாளில் எழுதும்போது ஐயமான எழுத்தின் கீழ் புள்ளி வையுங்கள், சிதைந்த இடத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் விடுங்கள்.