பழைய ஆண்ட்ராய்டு போனை வீட்டுச் சர்வராக்கலாம்

திரையில் கீறல் விழுந்தது என்பதற்காக ஒதுக்கி வைத்த போன் ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இயங்குமானால், ரூட் செய்யாமலேயே (அதாவது போனின் முழு நிர்வாக உரிமையைத் திறக்காமலேயே) அதைச் சிறிய லினக்ஸ் கணினியாகப் பயன்படுத்த முடியும். இதற்கான, லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் டெர்மக்ஸ் செயலியையும் அதன் துணைச் செயலிகளையும் எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தவை, டிஜிட்டல் கையொப்பம் மாறுபடுவதால், ஒன்றோடொன்று சேராது.

டெர்மக்ஸில், வேறொரு கணினியிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் தொகுப்பை நிறுவி, கடவுச்சொல் அமைத்து இயக்கிவிட்டால், அதே வைஃபையில் உள்ள கணினியிலிருந்து போனுக்குள் நுழையலாம். ரூட் இல்லாத போனில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகள் (இணைப்பு வாயில் எண்கள்) கிடைக்காது என்பதால், வழக்கமான 22-க்குப் பதிலாக 8022 என்று குறிப்பிட வேண்டும். கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங்கை இதிலும் வீட்டாரின் போன்களிலும் நிறுவி இணைத்தால், அவர்கள் தத்தம் போன்களில் எடுக்கும் படங்கள் தாமாகவே இதில் வந்து சேரும். என் பார்வையில், பழைய போனுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை. திரை அணைந்ததும் சர்வர் உறங்கிவிடாதிருக்க, டெர்மக்ஸ் அறிவிப்பில் உள்ள வேக்லாக்கை அழுத்துங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பேட்டரிக்குத்தான். இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும் என்பதால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையெனில் டைமர் பிளக் பொருத்துங்கள். பின்மூடி சற்றே மேலெழுந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன போன் என்பதால், ரௌட்டரில் போர்ட் திறந்து அதை இணையத்துக்கு நேரடியாகக் காட்ட வேண்டாம்.