ஈ-ரீடரில் நம் கையாலேயே தமிழ்ப் புத்தகம் ஏற்றுவது எப்படி?

வெள்ளவத்தையில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கனடாவிலிருந்து மகன் ஒரு ஈ-ரீடர், அதாவது மின்னூல் வாசிக்கும் கருவி, அனுப்பியிருந்தான். தன் கணக்கில் பதிந்து, புத்தகங்களும் ஏற்றித்தான் அனுப்பினான். பிறகு ஒருநாள் அவன் தன் கணக்கிலிருந்து அந்தக் கருவியை நீக்க, சின்னம்மா பாதி வாசித்திருந்த நாவல் உட்பட எல்லாம் போய்விட்டன. அன்று அவவுக்குச் செய்துகொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கருவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். அன்பளிப்பாக வந்தது என்றால் உங்கள் மின்னஞ்சலில் புதுக் கணக்குத் திறந்து மாற்றுங்கள்.

2. கணினியில் கலிபர் மென்பொருளை நிறுவுங்கள். மின்னூல்களைச் சேர்த்துவைத்து, கோப்பு வகை மாற்றி, கருவிக்கு அனுப்ப உதவும், 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. கடனட்டை எதுவும் கேட்காது. முதன்முறை திறக்கும்போது உங்கள் கருவி எதுவென்று கேட்கும். சரியாகச் சொல்லுங்கள்.

3. புத்தகம் எடுங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் நிறைய உண்டு. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப் என்ற மின்னூல் கோப்பாகவே இறக்கலாம். நின்றுபோன ஈழத்துச் சஞ்சிகைகளுக்கு நூலகம் தளம்தான் எனக்கு எல்லாம். ஆனால் அங்கே பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎப். பக்கம் முழுவதும் படமாக இருப்பதால் கலிபரில் மாற்றினாலும் எழுத்துப் பெரிதாகாது. ஆறு அங்குலத் திரையில் கண் நோகும். கருவியைக் குறுக்காகத் திருப்பி வாசியுங்கள், அல்லது அதை மட்டும் டேப்லெட்டில் வாசியுங்கள்.

4. கேபிளால் இணையுங்கள். இங்கேதான் பலர் களைத்துப் போகிறார்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் கேபிள்களில் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், கோப்பைக் கடத்தாது. கலிபரில் கருவியின் பெயர் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். உங்கள் ஈ-ரீடர் கோபோ என்றால் ஈபப்பை அப்படியே திறக்கும். கேபிளால் ஏற்றிய ஈபப்பை அமேசனின் கிண்டில் திறக்காது. கலிபரில் கிண்டிலுக்கான ஏஇசட்டபிள்யூ3 (AZW3) கோப்பாக மாற்றி அனுப்ப வேண்டும்.

கடையில் வாங்கிய புத்தகங்களில் பெரும்பாலானவை பிரதி எடுக்க விடாத மின்பூட்டோடு வருபவை. அவற்றைக் கலிபர் மாற்றாது. கேபிளால் ஏற்றுவதற்காக வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கும் வசதியையும் அமேசன் 2025 பெப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. அதனால்தான் வாங்குமுன் பூட்டில்லாத பதிப்பு கிடைக்குமா என்று பதிப்பகத்திடமே கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

5. ஒரு பக்கத்தைத் திறந்து ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் அல்லது வெறும் கட்டங்கள் தெரிந்தால், நோட்டோ செரிப் தமிழ் எழுத்துருவை இறக்கிக் கருவியின் பொன்ட்ஸ் போல்டரில் போட்டு, வாசிக்கும் பக்கத்தில் அதைத் தெரிவுசெய்யுங்கள்.

6. கலிபர் லைப்ரரி என்ற போல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். சின்னம்மாவின் பென்டிரைவ் இப்போது அவவின் அலுமாரியில், காணி உறுதியோடு இருக்கிறது.