கனடாவில் பழைய ரஷ்ய இராணுவத் துவக்கு வாங்குவோருக்கு

கடையில் தொங்கும் மொசின்-நாகானின் விலையைப் பார்க்க முன் லைசன்ஸைப் பாருங்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியின் எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். புதிதாக வந்தவர் இடறுவது படிவத்தில்தான். உங்களை 3 வருடமாவது தெரிந்த இருவரின் பெயர் கேட்பார்கள், கணவனோ மனைவியோ அதில் சேராது. கணவனோ மனைவியோ கையொப்பமிட வேறு இடம் இருக்கிறது, ஆகவே வீட்டுக்குத் தெரியாமல் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முதன்முறை எடுப்பவருக்கு ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு.

லைசன்ஸ் வந்தபின், கடையில் வாங்கினாலும் தனியாளிடம் வாங்கினாலும் விற்பவர் அதைச் சரிபார்த்து ஓர் இலக்கம் பெற்றுத்தான் துவக்கைத் தரலாம். கியூபெக்கில் இருந்தால் மாகாணப் பதிவும் வேண்டும். எஸ்கேஎஸ் என்ற இன்னொரு ரஷ்யத் துவக்கின் மீது கண் இருந்தால், வாங்கும் நாளன்று சட்ட நிலையைப் பாருங்கள். நேற்றைய பேச்சை நம்பாதீர்கள்.

மொசின்-நாகானின் 91/30 வகை 1.2 மீற்றர் நீளம், 4 கிலோ பாரம், 5 ரவை கொள்ளும், போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி ரவை ஏற்றும் துவக்கு. ரவை 7.62×54ஆர். குழலில் நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா, முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். மரத்தின் பளபளப்பில் மயங்க வேண்டாம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டறையில் பூசியது அது. போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் பிடியுங்கள். உட்சுவரில் சுருளாக ஓடும் வரிகள் கூர்மையாக இருந்தால் கருமை பெரிய குறையில்லை. குழலின் வாய்ப்பக்கம் ஒரு அங்குலமளவு வரியே இல்லையென்றால், தேய்ந்த பகுதியைப் பட்டறையில் துளைத்து அகற்றியிருக்கிறார்கள். அது நன்றாகவே சுடும். ஆனால் வாயில் ரவையைச் செருகித் தேய்மானம் பார்க்கும் வழக்கமான சோதனை அங்கே பொய் சொல்லும். போல்ட் இலக்கமும் குழல் இலக்கமும் வேறாயிருந்தால், சுடமுன் துவக்குத் திருத்துநரிடம் அளவுக் கட்டையால் போல்ட் முகத்துக்கும் ரவைக்கும் இடையிலான இடைவெளியைப் பார்ப்பியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய பழுப்பு நிறக் கொஸ்மொலின் கிரீஸ் துவக்கெங்கும் ஒட்டியிருக்கும். மினரல் ஸ்பிரிட்ஸ் என்ற பெயின்ற் கரைப்பானைப் போட்டுத் துடையுங்கள், குழலின் பின்முனையில் ரவை உட்காரும் அறையின் உட்புறத்தையும் பிரஷால் தேயுங்கள். அங்கே மிஞ்சிய கிரீஸ் சூடேறி ரவைக்கூட்டில் பசைபோல் பிடிக்கும். சிலர் இறுகிய போல்ட்டைத் தட்டித் திறக்கச் சுத்தியலைத் தேடுவது இதனால்தான்.

பலர் துவக்கைக் கெடுப்பது பழைய இராணுவ ரவையால். அதன் தீப்பொறி மருந்து எரிந்து பொட்டாசியம் குளோரைட் உப்பை விடுகிறது. அது ஈரத்தை இழுத்து ஓரிரு நாளில் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்புக் கரையாது. சுட்ட அன்றே, கேத்தலில் கொதித்த நீரைப் புனல் வைத்து அறைப்பக்கமிருந்து குழலில் ஊற்றி, காயத் துடைத்து, அதன்பின் எண்ணெய் போடுங்கள். போல்ட் முகத்தையும் கழுவ மறக்காதீர்கள்.

வைக்கும்போது ரவை நீக்கி, பூட்டிய பெட்டியில் வைக்கலாம், அல்லது ட்ரிகர் பூட்டுப் போடலாம், அல்லது போல்ட்டைக் கழற்றி வைக்கலாம். ரவையை வேறிடத்தில் வையுங்கள், அல்லது அதையும் பூட்டுங்கள். காரை விட்டு இறங்கினால் டிக்கிக்குள் பூட்ட வேண்டும்.

சுடுதளத்துக்குப் போகமுன் ரவைமுனையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உருக்கு இருக்கிறது, பல தளங்கள் அதை உள்ளே விடாது.