குட்டை ஸ்ப்ரூஸ் வளர்ப்பு: முதன்முறை நடுபவர்களுக்கு

வருடம் முழுக்கப் பச்சையாக, கத்தரி படாமலேயே கச்சிதமான கூம்பாக நிற்கும் ஊசியிலைச் செடி வேண்டுமென்றால் குட்டை அல்பெர்ட்டா ஸ்ப்ரூஸில் தொடங்கலாம். 1904-இல் கனடாவில், லூயிஸ் ஏரிப் பக்கம் கண்டெடுக்கப்பட்ட வெள்ளை ஸ்ப்ரூஸின் குட்டை வடிவம் இது. வருடத்துக்கு 5 முதல் 10 செ.மீ. வளர்ந்தாலே அதிகம். குளிர் நாட்டுச் செடி. இரவிலும் புழுங்குகிற ஊரில் வீம்புக்கு வளர்க்காதீர்கள்.

1. இடம்

நல்ல வெயில் அல்லது லேசான நிழல், தண்ணீர் தேங்காத மண். முழங்கால் உயரம்தானே என்று சுவரை ஒட்டி நட்டுவிட வேண்டாம். சில பத்தாண்டுகளில் 3 மீட்டரைத் தொட்டுவிடும். சுவரை உரசும் பக்கம் வெளிச்சமில்லாமல் ஊசிகளை உதிர்க்கும். அப்படி மொட்டையான கிளை மறுபடி துளிர்க்காது.

2. நடவு

குழியின் அகலம் வேர்ப்பந்தைப் (வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு, மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தின் அளவுக்கு மட்டும். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டிக்குள் வேர் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். தோண்டிய மண்ணையே போட்டு மூடினால் போதும், உரம் வேண்டாம்.

3. தண்ணீர்

முதல் இரண்டு வருடம் இதில் கஞ்சத்தனம் கூடாது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். நிலம் உறைவதற்கு முன்னால் ஒருமுறை நன்றாகப் பாய்ச்சுவது முக்கியம். குளிர்காலத்திலும் ஊசிகள் ஈரத்தை இழந்துகொண்டேதான் இருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுகட்ட முடியாது. வசந்தத்தில் வெயிலும் காற்றும் படும் பக்கம் மட்டும் பழுப்பாவது பெரும்பாலும் இதனால்தான். மரப்பட்டைத் துண்டுகளை 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடலாம், தண்டை ஒட்டாமல்.

4. சிலந்திப்பேன்

என்னைக் கேட்டால் இந்தச் செடிக்கு உண்மையான எதிரி, ஊசிகளின் சாற்றை உறிஞ்சும் இந்த நுண்ணிய உயிரிதான். குளுமையான வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பெருகும்; சேதமோ கோடையில்தான் கண்ணில் படும். அதனால் பழுப்பைப் பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். கிளைக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால், பேன் இருக்கலாம். ஊசிகளுக்கு நடுவே நுண்ணிய வலையும், ஊசிகளில் வெளிறிய புள்ளிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி உட்கிளைவரை கழுவுங்கள், சில நாள் இடைவெளியில் திரும்பவும். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்து, நிலைமை மோசமாகும்.

அப்புறம், உள்பக்கத்து முதிர்ந்த ஊசிகள் கொஞ்சம் மஞ்சளாகி உதிர்வது இயல்புதான். பதற வேண்டாம்.

5. கவாத்து

கிட்டத்தட்ட தேவையில்லை. ஆனால் சில வருடம் கழித்து, நீளமான ஊசிகளோடு ஒரே ஒரு கிளை மட்டும் கூம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு வரக்கூடும். அது பழைய வெள்ளை ஸ்ப்ரூஸ் குணத்துக்கே திரும்பிய கிளை. குட்டைக் கிளைகளைவிடப் பல மடங்கு வேகத்தில் வளர்ந்து செடியையே அமுக்கிவிடும். நுனியைக் கிள்ளிப் பயனில்லை. புறப்படும் இடத்திலேயே, அடியோடு வெட்டுங்கள்.