எலியின் நெஞ்சில் எடை விழும் முன்: நெஞ்சுக்கூட்டுக் காய மாதிரியை உருவாக்குவது எப்படி?

கார் விபத்தில் ஸ்டியரிங் நெஞ்சில் மோதுகிறது. அப்படிப்பட்ட காயத்தை ஆய்வுக்கூடத்தில் ஒரு விலங்கில் உருவாக்கி ஆராய்வதுதான் காய மாதிரி. நீங்கள் ஆராயப்போவது முறிந்த விலா எலும்பையா, கன்றிப்போன நுரையீரலையா? முதல் படியாக இதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். விலங்கைப் பற்றிய யோசனை பிறகுதான்.

இரண்டாவது, விலங்கு. எலிக்கு 13 ஜோடி விலா எலும்புகள், நமக்கு 12. எண்ணிக்கையை விடுங்கள், எலியின் நெஞ்சுக்கூடு மூங்கில் கூடை போல அமுங்கி நிமிர்ந்துவிடும், அடி உள்ளே நுரையீரலுக்குப் போய்விடும். எனவே நுரையீரல் கன்றலுக்கு எலி நன்றாகப் பொருந்தும். அடுத்தடுத்த மூன்று விலா எலும்புகளாவது ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்து, மூச்சை இழுக்கும்போது அந்தத் துண்டு மட்டும் உள்வாங்கும் நிலைதான் உங்கள் கேள்வி என்றால், பன்றிக்கோ செம்மறியாட்டுக்கோ போங்கள்.

மூன்றாவது, அனுமதி. இந்தியாவில் எலிக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு போதும். பன்றிக்கு, விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

நான்காவது, கருவி. 300 கிராம் எடை 80 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 2.35 ஜூல், வேகம் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர். இது தாளில் வரும் கணக்கு. எடை நேராக விழ வைக்கும் வழிகாட்டிக் குழாயின் உராய்வு இதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், ஆகவே அதிவேகக் கேமராவில் அளந்து பாருங்கள். எலியை எடுக்கும் முன் களிமண்ணில் சோதியுங்கள். எங்கள் களிமண்ணில் ஒன்றுக்கு இரண்டு பள்ளங்கள் இருந்தன: நடுவில் ஆழமாக ஒன்று, ஓரத்தில் மேலோட்டமாக இன்னொன்று. எடை எகிறி மறுபடி விழுந்திருக்கிறது! எடையில் நூல் கட்டி, முதல் அடி விழுந்ததும் இழுத்துப் பிடிக்கப் பழகினோம். இதயத்துக்கு மேல் ஒரு தடுப்பும் வையுங்கள். இல்லையென்றால் எலி எதனால் இறந்தது என்றே புரியாது.

ஐந்தாவது, மயக்கமும் வலிநிவாரணியும். வலிநிவாரணி முடிவைக் குழப்பும் என்று தவிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. விலங்கு படும் வேதனை ஒருபுறம். வலியால் மேலோட்டமாக மூச்சுவிடும் எலியின் அளவீடும் நம்பத்தக்கதல்ல. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மயக்கம், அதே மருந்து; அடி மட்டும் கிடையாது. எந்த அளவு மூச்சுத் திணறலில் விலங்கை வதையின்றி உயிர்நீக்கம் செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பிறகு மைக்ரோ சிடி (சிறு விலங்குகளுக்கான நுண்ணிய எக்ஸ்ரே அடுக்குப் படம்), ரத்த வாயு அளவீடு (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன், கரியமில வாயுவின் அளவு). படத்தைப் பார்த்து மதிப்பெண் இடுபவரிடம் கூண்டு எண்ணை மட்டும் கொடுங்கள், எந்தக் குழு என்று சொல்லாதீர்கள்.