நரிக்கு அபூர்வ காலிபரா? முதலில் தோட்டாக் கூட்டைப் பாருங்கள்

நரி வேட்டைக்கு .20 டாக்டிகல் என்ற அபூர்வ ரைபிள் காலிபரை (தோட்டா வகையை) எடுத்தபோது நான் முதலில் பார்த்தது குண்டின் வேகத்தை அல்ல, காலிக் கூட்டை; அதாவது வெடிமருந்தையும் குண்டையும் நாமே பொருத்தும் தோட்டாவின் உலோக உறையை. .223 ரெமிங்டன் தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கினால் இது தயார். கூட்டுக்குப் பஞ்சமே வராது. குண்டு, 2004-இல் வந்த .204 ரூகர் தோட்டாவுக்கானதே பொருந்தும். கூட்டை வடிவமைத்துக் குண்டைப் பொருத்தும் அச்சுகளான டை செட்டுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

சுருக்கியதும் கழுத்துச் சுவர் தடித்துவிடும். குண்டைப் பொருத்தி, கழுத்தின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் சேம்பரின் அளவோடு ஒப்பிடுங்கள். இடைவெளி இல்லையென்றால் அழுத்தம் எகிறும். என் முதல் இருபது கூடுகளையும் கழுத்தின் வெளிப்புறத்தைக் கடைந்துதான் சரிசெய்தேன்.

வெடிமருந்தின் அளவுக்கு இந்தக் காலிபருக்கென்றே அச்சிட்ட கையேடு வேண்டும்; அதிலும் தொடக்க அளவிலிருந்துதான். .204 ரூகரின் அளவைப் போடாதீர்கள், கூடு வேறு. அப்புறம், அடியில் .223 முத்திரை அப்படியே இருக்கும். குழம்பாமலிருக்க, டப்பாவில் .20 டாக்டிகல் என்று பெரிதாக எழுதி வையுங்கள்.